உதவி, ஆதரவு, துணை, ஒத்தாசை: எந்தச் சொல் எங்கே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும்தான் என் பிழைப்பு. விண்ணப்பப் படிவம், செல்பேசிச் செயலி, கல்யாண அழைப்பிதழ், இரங்கல் விளம்பரம் என்று எது வந்தாலும் பார்ப்பேன். உதவி சம்பந்தப்பட்ட சொற்களில் ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதிவைக்கிறேன். இத்தனை வருஷத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: தமிழர்கள் உதவி செய்யும்போதும் கேட்கும்போதும் 'உதவி' என்ற சொல்லைப் பெரும்பாலும் வாயிலேயே எடுப்பதில்லை. மொழிபெயர்ப்புகள் சறுக்குவது அங்கேதான்.

உதவிக்கும் ஆதரவுக்கும் என்ன வித்தியாசம்?

உதவி ஒரு செயல். செய்தால் முடிந்துவிடும். பஸ்ஸில் உங்கள் பையை மேலே தூக்கி வைத்தவர் உதவினார். அவர் 'ஆதரவு கொடுத்தார்' என்று சொல்லிப் பாருங்கள், கேட்பவர் சிரிப்பார். ஆதரவு என்பது தொடர்ந்து இருக்கும் ஒரு நிலை. அப்பா போன பிறகு தாய்மாமன் ஆதரவில் வளர்ந்தேன் என்கிறோம். மாமன் உதவியில் வளர்ந்தேன் என்றால் மாதாமாதம் மணியார்டர் மட்டும் வந்தது போலத் தோன்றும்.

வேற்றுமை உருபைப் பார்த்தாலே இது விளங்கும். 'எனக்கு உதவினார்', ஆனால் 'என்னை ஆதரித்தார்'. உதவுபவர் எனக்கு வேண்டிய ஒரு காரியத்தைச் செய்கிறார். ஆதரிப்பவர் என்னையே, ஆளோடு, ஏற்றுக்கொள்கிறார். 'என்னை உதவினார்' என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். அது தவறு.

உதவு என்ற வினைக்கு 'பயன்படு' என்ற பொருளும் உண்டு. 'இந்தக் கத்தி எதற்கும் உதவாது' என்கிறோம். ஒன்றுக்கும் ஆகாதவனை உதவாக்கரை என்கிறோம். விவேக சிந்தாமணிப் பாட்டு ஒன்று 'ஆபத்துக் குதவாப் பிள்ளை, அரும்பசிக் குதவா அன்னம்' என்று தொடங்கும். பிள்ளையும் சோறும் அங்கே ஒரே வினைக்குள் அடங்கிவிடுகின்றன. வேண்டிய நேரத்தில் பயன்பட வேண்டும், அவ்வளவுதான் எதிர்பார்ப்பு.

ஆதரவு வடமொழி வழி வந்தது. ஆதரம் என்றால் அன்பு, மதிப்பு. அதனால்தான் அது இல்லாமல் போவது அத்தனை கனமான சொல்லாகிவிட்டது. ஆதரவற்றோர் இல்லம் உண்டு, உதவியற்றோர் இல்லம் கிடையாது. தமிழ்நாட்டு வருவாய்த் துறை 'ஆதரவற்ற விதவைச் சான்று' என்றே ஒரு சான்றிதழ் தருகிறது. பிள்ளைகள் இருந்தும் கவனிக்கவில்லை என்றால் அந்தச் சான்று கிடைக்குமா என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். எனக்குச் சொல்லின் பொருள் தெரியும், சட்டம் தெரியாது. தாலுகா அலுவலகத்தில் விசாரிக்கச் சொன்னேன்.

அப்படியானால் துணை?

துணை எதுவுமே செய்ய வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்தால் போதும். ராத்திரி கொல்லைப்புறம் போகிற அக்காவுக்குத் துணையாக ஐந்து வயதுத் தம்பியை அனுப்புவார்கள். பேயோ திருடனோ வந்தால் அவன்தான் முதலில் அழுவான். ஆனாலும் அவன் துணை. ஆஸ்பத்திரியில் நோயாளியோடு தங்குபவரும் துணைக்கு இருப்பவர்தான். வேலை முழுக்க நர்ஸ்தான் செய்வார்.

பேச்சுத்துணை, வழித்துணை, வாழ்க்கைத்துணை என்று எல்லாவற்றிலும் இந்த இரண்டாவது ஆள் இருக்கிறார். லாரியின் முன்னால் 'முருகன் துணை' என்று எழுதியிருப்பதும் இதே கணக்குதான். முருகன் ஸ்டீயரிங் பிடிக்க வேண்டாம், கேபினில் கூட இருந்தால் சரி. 'முருகன் உதவி' என்று எழுதிய வண்டியை நான் இதுவரை பார்த்ததில்லை.

அலுவலகப் பதவிகளில் உதவி, துணை, இணை, கூடுதல் இவற்றில் எது மேலே?

போலீஸில் கீழிருந்து மேலே போனால் உதவி ஆணையர், துணை ஆணையர், இணை ஆணையர், கூடுதல் ஆணையர், அப்புறம் ஆணையர். கல்லூரியில் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர். உதவி என்ற சொல் வந்தால் அது பெரும்பாலும் அடிப்படி. துணைவேந்தர் மட்டும் இதில் சேரமாட்டார். பெயரில்தான் துணை, பல்கலைக்கழகத்தை நடத்துவது அவர்தான். இலங்கையில் துணை அமைச்சர் என்று சொல்லமாட்டார்கள், பிரதி அமைச்சர் என்பார்கள்.

ஒத்தாசை, உபகாரம் எல்லாம் வழக்கொழிந்துவிட்டனவா?

எழுத்தில் குறைந்திருக்கின்றன, பேச்சில் நன்றாகவே உயிரோடு இருக்கின்றன. 'அம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசையா இரு' என்ற வாக்கியத்தை வேறு எப்படிச் சொல்வீர்கள்? வேலை அம்மாவுடையது. நீ பக்கத்தில் நின்று வெங்காயம் உரி, தண்ணீர் மொண்டு கொடு. அதுதான் ஒத்தாசை. முழு வேலையையும் எடுத்துக்கொண்டால் அது ஒத்தாசை ஆகாது. 'கூடமாட' என்ற சொல்லுக்கு இன்றுவரை எனக்கு ஒரு மாற்று கிடைக்கவில்லை.

உபகாரம் கொஞ்சம் பெரியவர்கள் வாயில் வரும் சொல். 'உபகாரம் பண்ணாட்டியும் உபத்திரவம் பண்ணாம இரு' என்று திட்டும்போது இளையவர்களும் எடுத்துக்கொள்வார்கள். பழைய பத்திரிகைகளில் 'உபகாரச் சம்பளம்' என்று பார்த்தால் குழம்பாதீர்கள். ஓய்வூதியத்துக்கும் மாணவர் உதவித்தொகைக்கும் அந்தப் பெயர் இருந்தது.

'இதை எழுத எனக்கு உதவுங்கள்' என்பது ஏன் செயற்கையாக ஒலிக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வங்கியில் செல்லான் நிரப்பத் தெரியாத பாட்டி பக்கத்தில் நிற்பவரிடம் என்ன சொல்வார்? 'தம்பி, இதைக் கொஞ்சம் எழுதிக்குடுப்பா' என்பார். உதவி என்ற சொல்லே இல்லை. ஆனால் அங்கே கேட்கப்படுவது உதவிதான். அது வினைக்குப் பின்னால் ஒட்டிய 'கொடு'வில் இருக்கிறது.

தமிழில் ஒருவருக்காக ஒரு காரியம் செய்வதைச் சொல்ல இரண்டு துணைவினைகள் பெரிதும் உழைக்கின்றன. ஒன்று கொடு: எழுதிக்கொடு, படித்துக்கொடு, தைத்துக்கொடு, சொல்லிக்கொடு. செய்த வேலையின் பலன் இன்னொருவர் கைக்குப் போய்ச் சேருகிறது. கற்பிப்பதையே நாம் 'சொல்லிக்கொடுத்தல்' என்றுதான் சொல்கிறோம். இரண்டாவது விடு: தூக்கிவிடு, இறக்கிவிடு, தள்ளிவிடு, தலை வாரிவிடு, பூ வைத்துவிடு, சோறு ஊட்டிவிடு, செருப்பு மாட்டிவிடு. இங்கே வேலை பெரும்பாலும் இன்னொருவர் உடம்பின் மீதோ, அவர் சுமக்கும் பொருளின் மீதோ நடக்கிறது. நின்றுபோன பைக்கை 'கொஞ்சம் தள்ளிவிடுங்க' என்போம், 'தள்ளிக்கொடுங்க' என்று யாரும் சொல்வதில்லை. மனுவை 'எழுதிவிடுங்க' என்றால் பொருளே வேறு, சீக்கிரம் எழுதி முடியுங்கள் என்று ஆகிவிடும். விடு வினைமுடிவையும் காட்டும் என்பதால் வரும் வம்பு இது.

எதிர்ப்பக்கத்தில் 'கொள்' இருக்கிறது. தலை வாரிவிட்டாள் என்றால் பிள்ளைக்கு, வாரிக்கொண்டாள் என்றால் தனக்கு. குழந்தை 'நானே மாட்டிக்கிறேன்' என்று செருப்பைப் பிடுங்குகிற நாள் வீட்டில் ஒரு பெரிய நாள். விடு போய்க் கொள் வருகிறது.

ஆகவே 'படிவத்தை நிரப்ப உங்களுக்கு உதவுவோம்' என்று அறிவிப்பு எழுதுவதற்குப் பதில் 'படிவத்தை நிரப்பித் தருகிறோம்' என்று எழுதுங்கள். நீளமும் குறையும், பாட்டிக்கும் புரியும். ஒரு எச்சரிக்கை: நிரப்பித் தருவது என்றால் நீங்களே நிரப்ப வேண்டும். அவர் நிரப்ப, நீங்கள் பக்கத்தில் நின்று வழிசொல்லப்போகிறீர்கள் என்றால் 'எப்படி நிரப்புவது என்று சொல்லிக்கொடுக்கிறோம்' என்பதே சரி.

அப்படியானால் 'ஒரு உதவி வேண்டும்' என்று எப்போதுதான் சொல்கிறோம்?

கேட்கத் தயங்கும்போது. 'அண்ணே, உங்களால ஒரு உதவி ஆகணும்' என்று ஒருவர் தொடங்கினால், கேட்கும் அண்ணன் உடனே கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். பணமாக இருக்கும், இல்லை பிள்ளைக்கு வேலை விஷயமாக 'ஒரு வார்த்தை சொல்லிவைக்க' வேண்டியிருக்கும். சுமை தூக்க யாரும் இப்படிப் பீடிகை போடமாட்டார்கள், 'ஒரு கை பிடிங்க' என்பதோடு சரி.

இந்த எடையைக் குறைக்கத்தான் 'ஒரு சின்ன ஹெல்ப்' வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஹெல்ப் லேசானது, மறுத்தாலும் மனம் நோகாது. தூய தமிழ்ப் பற்றாளர்கள் கோபிக்கலாம். ஆனால் ஹெல்ப்பும் உதவியும் இன்றைய பேச்சில் ஒன்றல்ல, இரண்டு வெவ்வேறு எடைக்கற்கள்.

கை சேர்ந்த சொற்களை எல்லாம் ஒரே இடத்தில் சொல்ல முடியுமா?

எல்லாவற்றையும் முடியாது, அத்தனை இருக்கின்றன. கைகொடுத்தல் உதவுவது. ஆளுக்கு மட்டுமல்ல, 'இந்த வருஷம் நிலக்கடலை கைகொடுத்தது' என்று விளைச்சலுக்கும் சொல்வோம். கைதூக்கிவிடுதல் தாழ்ந்த நிலையிலிருந்து மேலேற்றுவது. கைத்தாங்கலாக அழைத்துவருதல் நடக்க முடியாதவரைப் பிடித்துக்கொண்டு வருவது. கைவிடுதல் பாதியில் விட்டுப் போவது. கைவிரித்தல் 'என்னிடம் ஒன்றுமில்லை' என்று மறுப்பது. இந்தக் கடைசிச் சொல்லில் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டும் சைகையே அப்படியே இருக்கிறது.

கைநீட்டுதலில் மட்டும் கவனம் வேண்டும். 'யாரிடமும் கைநீட்டாமல் வாழ்ந்தார்' என்றால் யாசிக்கவில்லை. 'மனைவிமேல் கைநீட்டினான்' என்றால் அடித்தான். நடுவில் வரும் 'இடம்', 'மேல்' இரண்டும்தான் பிச்சையையும் அடியையும் பிரிக்கின்றன. கையாளும் அப்படித்தான். கொத்தனாரின் கையாள் உழைப்பாளி, அரசியல்வாதியின் கையாள் என்றால் வேறு கதை.

கொடு, தா, ஈ மூன்றும் ஒன்றுதானே?

இன்று கிட்டத்தட்ட ஒன்றுதான். தொல்காப்பியர் காலத்தில் இல்லை. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும் என்று சொல்லதிகாரத்தின் எச்சவியல் சொல்கிறது. கொடுப்பவரைவிடத் தாழ்ந்தவர் 'ஈ' என்று கேட்பார், சமமானவர் 'தா' என்பார், உயர்ந்தவர் 'கொடு' என்பார். கேட்கிற வாயைத் திறந்தாலே யார் எங்கே நிற்கிறார் என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு விதியும் உண்டு, அதை அதே அதிகாரத்தின் கிளவியாக்கம் என்ற இயலில் சொல்கிறார். என்னிடமோ உன்னிடமோ வந்தால் தருதல், மூன்றாம் ஆளிடம் போனால் கொடுத்தல். மலையாளத்தில் இந்த வேறுபாடு இன்றும் கறாராக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 'எனக்குத் தாங்கோ', 'அவருக்குக் குடுங்கோ' என்று காதில் விழும். தமிழ்நாட்டில் எல்லாமே குடுங்க ஆகிவிட்டது. 'தாருங்கள்' அழைப்பிதழுக்கும் அறிவிப்புப் பலகைக்கும் ஒதுங்கிவிட்டது. 'ஈ'யோ ஈகை, ஈதல் என்ற பெயர்ச்சொற்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'எனக்கு நூறு ரூபாய் ஈ' என்று இன்று கேட்டால் எதிரில் இருப்பவர் ஈயைத் தேடுவார்.

கைமாத்தும் மொய்யும் உதவியா, கடனா?

இரண்டும்தான். வள்ளுவர் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்: குறியெதிர்ப்பை. அளவு குறித்து வாங்கி அதே அளவைத் திருப்பித் தருவது. ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கினால் ஒரு டம்ளர் சர்க்கரை. ஈகை அதிகாரத்தின் முதல் குறள், இல்லாதவனுக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பைதான் என்று சொல்லிவிடுகிறது. ஆனால் அதை இழிவாகப் பார்க்க வேண்டியதில்லை. புறநானூற்று 163ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார், குமணனிடம் பரிசில் வாங்கிக்கொண்டு வீடு வந்து, மனைவியிடம் யார் யாருக்கெல்லாம் கொடு என்று பட்டியல் போடுகிறார். சுற்றத்தின் கடும்பசி தீர குறியெதிர்ப்பை தந்தவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. பக்கத்து வீட்டு அரிசியில் பல நாள் அடுப்பெரிந்திருக்கிறது என்பது அதிலிருந்து தெரிகிறது. என்னைக்கூடக் கேட்க வேண்டாம், எல்லோருக்கும் கொடு என்று அவர் முடிப்பது தனி அழகு.

குறியெதிர்ப்பை என்ற சொல் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. கைமாத்து அதன் வாரிசு. 'கைமாத்தா ஒரு ஐநூறு இருக்குமா? சம்பளம் வந்ததும் தர்றேன்.' வட்டி இல்லை, பத்திரம் இல்லை. கடன் என்று சொன்னால் முகம் சுருங்கும், கைமாத்து என்றால் சுருங்காது.

மொய் அதைவிடச் சிக்கல். மொய்த்தல் என்றால் கூட்டமாகக் கூடுவது, ஈ மொய்ப்பது போல. பலர் கூடி ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கல்யாணச் செலவைத் தாங்குவதுதான் மொய். ஆனால் நோட்டில் பெயரும் ஊரும் தொகையும் எழுதிவைக்கிறார்கள். அது மறக்காமல் திருப்பிச் செய்வதற்கு. புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கமும், தஞ்சை மாவட்டத்தில் பேராவூரணிப் பக்கமும் ஆடி மாதத்தில் கல்யாணம் காதுகுத்து எதுவுமில்லாமல் மொய் விருந்து என்றே நடத்துவார்கள். கறிச்சோறு போட்டு, பல பேர் சேர்ந்துகூட ஒரே பந்தலில் மொய் வாங்குவார்கள். வந்த பணத்தில் கடை வைப்பவர் உண்டு, கடன் அடைப்பவர் உண்டு. அடுத்தவர் விருந்தில் கூடுதலாகச் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். தவறினால் ஊரில் பேச்சாகிவிடும்.

இதைக் கடன் என்று மொழிபெயர்த்தால் அந்தப் பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்குக் கோபம் வரும். நன்கொடை என்றால் சிரிப்பார்கள். மொய் என்றே விட்டுவிடுவது நல்லது.

கைமாறு, கைம்மாறு: எது சரி?

இரண்டும் சரி, பொருள் வேறு. 'வீடு கைமாறியது' என்றால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனது. கைம்மாறு என்றால் செய்த உதவிக்குத் திரும்பச் செய்வது. 'இதற்கு என்ன கைம்மாறு செய்யப்போகிறேன்' என்று எழுதும்போது 'ம்' வேண்டும். அதை விட்டால் சொத்துப் பத்திரம் எழுதுவது போலாகிவிடும்.

இலவசம், விலையில்லா, மானியம், நிவாரணம், உரிமைத்தொகை: அரசு ஏன் இத்தனை பெயர் வைக்கிறது?

வாங்குபவர் கூச்சப்படக் கூடாது என்பது பாதி. கொடுப்பவர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்புகிறார் என்பது மீதி. 2006இல் வந்தது இலவச வண்ணத் தொலைக்காட்சி. 2011க்குப் பிறகு வந்த மிக்சி, கிரைண்டர், மடிக்கணினி எல்லாம் 'விலையில்லா' ஆயின. பொருள் ஒன்றுதான். ஆனால் இலவசத்தில் 'சும்மா கிடைத்தது' என்ற ஏளனம் ஏறிவிட்டிருந்தது. 2021இல் பெண்களுக்குப் பஸ் 'கட்டணமில்லா' பயணமானது. 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டத்துக்கு மகளிர் உரிமைத்தொகை என்று பெயர் வைத்தபோது சொல் ஒரு பெரிய அடி எடுத்துவைத்தது. உதவித்தொகை என்றால் கொடுப்பவர் நல்லவர். உரிமைத்தொகை என்றால் வாங்குபவருக்குச் சேர வேண்டியது. பெயர் வைத்தவரின் அரசியலை விட்டுவிடுங்கள், இந்தச் சொல் தேர்வு எனக்குப் பிடித்திருக்கிறது. கிராமத்தில் அதை 'ஆயிரம் ரூபாய்' என்று மட்டும் சொல்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

நிவாரணம் என்றால் நீக்குதல். வலி நிவாரணியில் இருப்பதும் அதே சொல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்களே, அது நிவாரணம். துன்பம் வந்த பிறகுதான் நிவாரணம் வரும், முன்கூட்டி வராது. மானியம் ஒரு காலத்தில் கோவிலுக்கும் ஊழியக்காரர்களுக்கும் விடப்பட்ட நிலம். இன்று காஸ் சிலிண்டருக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் வந்துவிட்டது. சட்டமன்றத்தில் 'மானியக் கோரிக்கை' என்றால் துறைகளுக்குப் பணம் ஒதுக்கக் கேட்பது, விவசாயி கேட்கும் மானியம் அல்ல.

'முட்டுக் கொடுக்கிறான்' என்பது கெட்ட வார்த்தையா?

வாழைத் தோட்டத்தில் கேட்டால் இல்லை. குலை தள்ளிய வாழை காற்றில் சாயாமல் இருக்கச் சவுக்குக் கம்பு நட்டு முட்டுக் கொடுப்பார்கள். கட்டடத்தில் கான்கிரீட் இறுகும்வரை தளத்துக்கு அடியில் நிற்பதும் முட்டுதான். இணையத்தில் அது தலைகீழாகிவிட்டது. தானாக நிற்க முடியாத ஒரு வாதத்தைத் தாங்கிப் பிடிப்பவனை 'முட்டுக் கொடுக்கிறான்' என்கிறார்கள். உவமை மிகச் சரி. தளம் இறுகிய பிறகும் முட்டைப் பிரிக்காமல் நிற்பவர்கள் அரசியலில் நிறைய.

இதே வரிசையில் வக்காலத்து வாங்குதல் நீதிமன்றத்திலிருந்து வந்தது. ஒத்து ஊதுதல் நாகஸ்வரக் கச்சேரியிலிருந்து வந்தது. ஒத்து என்பது சுருதிக்காக ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊதும் குழல். ராகம், கற்பனை எல்லாம் நாகஸ்வரக்காரருடையது. ஒத்துக்காரர் மூச்சுப் பிடித்து அந்த ஒரே சத்தத்தைத் தந்துகொண்டிருப்பார். அந்தச் சுருதி இல்லாமல் கச்சேரி எடுபடாது. அப்படி இருந்தும் ஊர் அந்த வேலையைக் கேலிச்சொல் ஆக்கிவிட்டது. பாவம் அந்த மனிதர்.

இலங்கைத் தமிழில் எந்தச் சொற்களைக் கவனிக்க வேண்டும்?

முதலில் அனுசரணை. தமிழ்நாட்டில் 'அனுசரணையாகப் பேசினார்' என்றால் இதமாக, விட்டுக்கொடுத்துப் பேசினார். இலங்கையில் நிகழ்ச்சிக்குப் பணம் தந்து உதவும் நிறுவனம் அனுசரணையாளர். 'இந்நிகழ்ச்சிக்கு அனுசரணை வழங்குவோர்' என்று வானொலியில் கேட்டு, யார் யாருக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்று ஒரு மதுரை நண்பர் குழம்பினார். மாணவர் உதவித்தொகை அங்கே புலமைப்பரிசில். ஐந்தாம் வகுப்பில் அதற்கென்றே பெரிய பரீட்சை உண்டு. தொண்டு நிறுவனத்தை அரச சார்பற்ற நிறுவனம் என்பார்கள். வறிய குடும்பங்களுக்கான அரசு உதவி முன்பு சமுர்த்தி, 2023 முதல் அஸ்வெசும. இரண்டும் சிங்களப் பெயர்கள், தமிழ்ச் செய்தியிலும் அப்படியே வரும்.

அகதி என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம். கதி என்றால் போக்கிடம், 'நீயே கதி' என்று சாமியிடம் சொல்கிறோமே, அது. அந்தக் கதி இல்லாதவர் அகதி. அதற்குப் பதில் ஏதிலி என்று எழுதுபவர்களும் உண்டு. கேட்பது தஞ்சம், கிடைத்தால் புகலிடம். அடைக்கலம் இவற்றைவிட நெருக்கமான சொல். வீட்டு உத்தரத்தில் தானே வந்து கூடு கட்டும் சிட்டுக்குருவியைச் சில ஊர்களில் அடைக்கலக்குருவி என்பார்கள். அதைக் கலைக்கக் கூடாது.

செயலிகளில் 'ஆதரவைத் தொடர்புகொள்ளவும்' என்று வருகிறதே?

அது மொழிபெயர்ப்பு மென்பொருளின் கைவேலை. ஆதரவை யாரும் தொடர்புகொள்ள முடியாது. 'உதவிக்கு எங்களை அழைக்கவும்' போதும். உதவி மையம், உதவி எண் இரண்டும் நன்றாக நிலைத்துவிட்டன. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்று சுவரெல்லாம் எழுதியிருக்கிறது. 'இந்தச் செயலியை உங்கள் சாதனம் ஆதரிக்காது' என்பது இன்னும் மோசம். செல்பேசிக்கு என்ன மனவருத்தம்? 'உங்கள் போனில் இந்தச் செயலி இயங்காது' என்று எழுதுங்கள்.

தொண்டு, சேவை, ஊழியம்?

தொண்டு கோவிலிலும் கட்சியிலும், சேவை எல்லா இடத்திலும். ஊழியம் கிறிஸ்தவ சபைகளில் இறைப்பணி, ஆனால் ஊழியர் என்றால் சம்பளத்துக்கு வேலை செய்பவர். இதற்குமேல் இதில் பெரிய சிக்கல் இல்லை.

துக்க வீட்டில் ஆதரவாக என்ன சொல்வது?

தமிழ் மரபில் அங்கே போய்ச் சொல்வதில்லை, கேட்பதுதான். துக்கம் கேட்கப் போகிறோம், துக்கம் விசாரிக்கப் போகிறோம். மதுரைப் பக்கம் கேதம், திருநெல்வேலிப் பக்கம் துட்டி. 'எப்படி ஆச்சு?' என்ற கேள்வியை ஒவ்வொருவரும் வந்து கேட்பார்கள், வீட்டுக்காரர் முதலிலிருந்து சொல்வார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கொடுமையாகத் தெரியும். என் அப்பா இறந்தபோது அந்தக் கதையை எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. மூன்றாம் நாள் சொல்லும்போது குரல் உடையவில்லை. அதற்குத்தான் கேட்டார்கள் போலிருக்கிறது.

அந்த வீட்டில் அடுப்பு எரியாது, சொந்தக்காரர்கள் சாப்பாடு கொண்டுவருவார்கள். கிளம்பும்போது 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து போக வேண்டும். குறுஞ்செய்தியில் அனுப்புவதானால் 'ஆழ்ந்த இரங்கல்' செய்தித்தாள் மொழி. தெரிந்தவர்களுக்கு 'நாளைக்கு வர்றேன்' என்று அனுப்புங்கள், அப்புறம் போங்கள்.

'நன்றி' என்று சொன்னால் என்ன பதில் சொல்வது?

'உங்கள் வரவு நல்வரவாகுக' என்று ஒருவர் பதில் அனுப்பியதை நான் பார்த்தேன். அது வாசலில் எழுதும் வாசகம். பேச்சில் 'பரவாயில்லை', 'இதுல என்ன இருக்கு', 'இதுக்குப் போயா' என்போம். மூன்றும் செய்ததைச் சிறிதாக்கிக் காட்டும் பதில்கள்.

நன்றி என்பதே முதலில் உபசாரச் சொல் இல்லை. பழைய நூல்களில் அதற்கு நன்மை, செய்த உதவி என்று பொருள். செய்ந்நன்றி என்றால் ஒருவர் செய்த நன்மை. அதை மறக்கக் கூடாது, அவ்வளவுதான். வாயால் சொல்ல வேண்டும் என்று இல்லை. வீட்டில் காபி கொடுத்த அம்மாவிடம் நன்றி என்றால் 'என்னடா ஆச்சு உனக்கு?' என்பாள். வயதானவர்கள் நன்றிக்குப் பதிலாக 'நல்லா இருப்பா' என்பார்கள். செல்லானை எழுதிக்கொடுத்தவருக்கு அந்தப் பாட்டி தந்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

ஒற்று எங்கெல்லாம் மிகும்?

உதவித்தொகை, உதவிக்கரம், உதவிப் பேராசிரியர், துணைத்தலைவர், நிவாரணத்தொகை: மிகும். உதவி செய்தார், உதவி கேட்டார், துணை புரிந்தார்: மிகாது. 'உதவிச் செய்தார்' என்று வாரத்துக்கு நான்கு முறையாவது அடித்துத் திருத்துகிறேன். ஆதரவு கொடுத்தார், ஆதரவு தந்தார் என்பவற்றிலும் ஒற்று வராது.